நான்கு நாற்காலிகளால் ஆன கார்

காரை ஓட்டியது அண்ணன்தான் என்று ராஜகீழ்ப்பாக்கத்து வீடு நம்பியது. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து வழி பார்த்துக்கொண்டிருந்தார், பெண்கள் இருவரும் பின்னால் கண்ணயர்ந்திருந்தார்கள், ஒரு சந்திப்பில் எங்கிருந்தோ வந்த வண்டியோடு மோதல் நேர்ந்துவிட்டது. அயல்நாடு என்பதால் ஏதோ விசாரிக்கிறார்கள், இரண்டொரு நாளில் விட்டுவிடுவார்கள். அந்த அண்ணன் சபாபதியின் மகள் நித்யாவுக்குத் தொலைபேசியில் இவ்வளவுதான் சொல்லப்பட்டது. சொன்னவர் சபாபதியே. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். "அப்பாவா? தாம்பரம் மார்க்கெட்ல கூட்டம் தெரிஞ்சா ஸ்கூட்டரை எறங்கித் தள்ளிக்கிட்டுப் போறவராச்சே!" என்று அந்தப் பெண் அங்கிருந்து கூவியது எனக்கே கேட்டது. அவளுடைய திகைப்பில் இருந்த நியாயம் அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. நானும் அதையேதான் நம்பியிருந்தேன்.

இது இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் நடந்தது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. என்னிடம் தொழில் பழகியவர்கள் இப்போது அந்தப் பயண அலுவலகத்தை நடத்துகிறார்கள். சென்ற மாதம் பார்க்க வந்தபோது அவர்களில் ஒருத்தி கேட்டாள்: "மேடம், இப்ப போனே வழி சொல்லுது. ஸ்பீடைக் குறை, இங்க திரும்புன்னு அதுவே பேசுது. இன்னும் அந்த மொட்டைமாடி கிளாஸ் நடத்தணுமா? கஸ்டமருங்க சிரிக்கிறாங்க." நடத்து என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். காரணத்தையும் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல ஒரு கட்டுரையின் நீளம் தேவைப்படுகிறது.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கல்லூரி முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். ரயில் முன்பதிவு, காசி யாத்திரை, பிறகு விசா விண்ணப்பங்கள் என்று என் பயிற்சிக் காலம் கழிந்தது. அதில் சொல்வதற்கு அதிகமில்லை. சொல்ல வேண்டியது எங்கள் முதலாளி தேவசகாயம் சாரைப் பற்றி.

அவர் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து, விருப்ப ஓய்வு பெற்றுப் பயணத் தொழிலுக்கு வந்தவர். எத்தனையோ பேருக்கு ஓட்டுநர் தேர்வு நடத்திய பழக்கத்தில் அவருக்கு ஒரு விசித்திரமான பொறுமை வாய்த்திருந்தது. யாரிடமும் 'கூடாது' என்று சொல்லமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தபடி, "அப்புறம்?" என்பார். எதிரில் இருப்பவர் தம் வாதத்தை இன்னும் கொஞ்சம் நீட்டுவார். மறுபடி "அப்புறம்?" மூன்றாவது முறை கேட்கும்போது அவர் தாமாகவே தம் தவறின் வாசலில் போய் நிற்பார். என்னையும் பல நாள் அப்படி நிறுத்தியிருக்கிறார்.

அந்த ஆண்டுகளில் எங்கள் பக்கத்துக் காலனிகளில் புதிதாக ஓர் ஆசை பிறந்தது. கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் பேருந்தில் போய் இறங்கி ஏறும் சுற்றுலா சலித்துவிட்டது. இரண்டு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து, வெளிநாட்டில் கார் வாடகைக்கு எடுத்து, தாங்களே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார்கள். சார் நியூசிலாந்தைத் தேர்ந்தெடுத்தார். அங்கும் சாலையின் இடப்பக்கம் போகலாம், நம் உரிமம் செல்லும், நெரிசல் குறைவு.

அந்த நாட்டின் சாலை விதி நூலை வரவழைத்து என் கையில் கொடுத்தார். நான் அதைப் பழந்தமிழ் நூல் ஒன்றை வாசிப்பதுபோல் வாசித்தேன். ஒவ்வொரு விதிக்கும் கீழே தமிழில் உரை எழுதினேன். இடப்பக்கம் திரும்புகிறவர் எதிரிலிருந்து வலப்பக்கம் திரும்புகிறவருக்கு வழிவிட வேண்டும் என்று அந்நாளில் அங்கே ஒரு விதி இருந்தது. நம் ஊர்ப் பழக்கத்துக்கு அது தலைகீழ். அதற்கு மட்டும் உரை ஒரு பக்கம் நீண்டது.

உரையைப் படித்துக் காட்டினால் மக்கள் தலையாட்டினார்கள், ஆட்டிவிட்டு மறந்தார்கள். ஆகவே சார் வகுப்பை மொட்டை மாடிக்கு மாற்றினார். சனிக்கிழமை மாலைகளில் நான் கோலப்பொடியால் அங்கே ஒரு ரவுண்டானா வரைவேன். வங்கி அதிகாரிகளும் ஆசிரியைகளும் சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு, வலப்புறம் பார்த்து நின்று, வழி கிடைத்ததும் கோட்டைச் சுற்றி நடப்பார்கள். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தலைக்கு மேலே போகும்போது எல்லாரும் அப்படியே நின்று, சத்தம் ஓய்ந்ததும் மறுபடி நடப்பார்கள். கீழ்த்தளத்துக் காவலாளி ஒருநாள் ஏறி வந்து பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, பொங்கலுக்கு இன்னும் நாள் கீதே, இப்பவே இம்மாம் பெரிய கோலமா? அதுல வேற தட்டை வச்சிகினு சுத்திகினு கீறாங்க, சோறு எப்ப போடுவீங்க?" என்றார். சார் சிரிக்காமல் அவர் கையிலும் ஒரு தட்டைக் கொடுத்து வரிசையில் விட்டார்.

வகுப்பின் கடைசிப் பகுதி நாற்காலிகள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. அவைதாம் கார். ஒவ்வொரு குடும்பமும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து, துப்பட்டாவையோ துண்டையோ பெல்ட்டாகக் குறுக்கே கட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவருக்கு வலத் தோளிலிருந்து இடுப்புக்கு; அவர் பக்கத்தில் இருப்பவருக்கு இடத் தோளிலிருந்து. பின்னால் இருப்பவர்களுக்கும் உண்டு. "பின்சீட்டுக்கு எதுக்கு சார், நாங்க என்ன குதிக்கவா போறோம்?" என்று சபாபதியின் மனைவி சரோஜா கேட்டார். "வண்டி நின்னா நீங்களும் நிக்கணுமில்ல?" என்றார் சார். சரோஜா அதன் பிறகு ஒருநாளும் புடவைத் தலைப்பைக் குறுக்கே கட்டாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

சபாபதி வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் தம்பி குமரேசன் பொறியியல் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரே வீடு. கீழே அண்ணன், மாடியில் தம்பி. அப்பா இளமையிலேயே காலமாகிவிட்டதால் தம்பியைப் படிக்க வைத்தது அண்ணன்தான். அவர்களோடு பாலு என்ற நண்பரும் மனைவியும் சேர்ந்துகொண்டார்கள். இந்த மூன்று தம்பதியரும் ஆண்டுதோறும் இரண்டு வண்டிகளில் கோயில் சுற்றுலா போகிறவர்கள். அந்தப் பயணங்களில் அவர்களுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது: முன்வண்டியைக் கண்ணிலிருந்து விடக்கூடாது. முன்வண்டி பச்சையில் போனால் பின்வண்டி சிவப்பானாலும் போய்விடும். முன்வண்டி லாரியை முந்தினால் பின்வண்டியும் முந்தும். கும்பலாகப் போவது என்பதற்கு அவர்கள் அறிந்த பொருள் அதுதான்.

சாருக்கு அது தெரியும். வகுப்பில் பாலுவை எழுப்பி நிறுத்தினார்.

"ஸ்டாப் போர்டு இருக்கு. ரெண்டு பக்கமும் ஈ, காக்கா இல்ல. என்ன செய்வீங்க?"

"ஸ்லோ பண்ணிப் பாத்துட்டுப் போயிடுவேன் சார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன சார், போய்க்கிட்டே இருப்பேன்."

"அப்புறம்?"

பாலு தலையைச் சொறிந்தார். "நின்னுட்டுப் போறேன் சார். மூணு எண்ணிட்டுப் போறேன்."

"முன்னாடி கார் போயிடுச்சே?"

சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "நல்லா கேட்டுக்குங்க. ரெண்டு கார் போகல. ஒரு கார் போகுது. அப்புறம் இன்னொரு கார் போகுது."

குமரேசன் இதைக் கேட்கவில்லை. அவர் முதல் வகுப்புக்கு வந்தார், கடைசி வகுப்புக்கு வந்தார்; நடுவில் கல்லூரியில் தேர்வு வேலை என்று வரவில்லை. வாடகை ஒப்பந்தத்தில் ஓட்டுநராகத் தம் பெயரைச் சேர்க்கச் சொன்னபோது சார், "வகுப்புக்கு வாங்க, சேர்த்துடறேன்" என்றார். "பத்து வருஷமா ஓட்டறேன் சார்" என்றார் குமரேசன். "தெரியுது. அப்புறம்?" குமரேசன் நல்ல சுபாவக்காரர்; சிரித்துவிட்டார். "சரி, அண்ணன் ஓட்டட்டும். நான் மலையைப் பாத்துக்கிட்டு வர்றேன்." அவருக்கு அந்தப் பயணத்தில் வேறொரு நோக்கமும் இருந்தது. அந்த நாட்டிலேயே ஆசிரியப் பணி பெற்றுக் குடியேற விண்ணப்பித்திருந்தார். அது இறுதிக் கட்டத்தில் இருந்தது. வாழப்போகும் ஊரை மனைவி வித்யாவுக்கு முன்கூட்டியே காட்ட விரும்பினார்.

பயண அமைப்பாளராக நான் உடன் சென்றேன். நியூசிலாந்தின் தெற்குத் தீவில் முதல் சில நாட்கள் கனவுபோல் இருந்தன. பாலுவின் கார் முன்னே போகும். வழிப்படத்தை மடியில் விரித்து நான் அதில் இருப்பேன். சபாபதியின் கார் பின்னே வரும். அவர் நிதானமாக, விதி நூலின் நடமாடும் பதிப்பு போல ஓட்டினார். அந்த நாட்டில் எங்களைத் திகைக்க வைத்தது மலையோ ஏரியோ அல்ல, அமைதிதான். அத்தனை நாளும் ஒரு ஹாரன் ஒலியை நாங்கள் கேட்டதில்லை.

ஒரு பிற்பகலில், ஏரிக்கரையில் நிறுத்தி, விடுதி அறையில் கிளறி எடுத்து வந்த புளியோதரையைச் சாப்பிட்டுக் கிளம்பினோம். வழியில் எங்களுக்குத் தெரியாமல் பின்கார் ஒரு கணம் ஓரம் கட்டியிருக்கிறது. சபாபதிக்குக் கண் சொக்கியது. தூக்கக் கலக்கத்தில் ஓட்டக்கூடாது என்று வகுப்பில் படித்த விதி அவருக்கு நினைவிருந்தது. அதனால்தான், ஒப்பந்தத்தில் பெயரில்லாத தம்பியிடம் சாவியைக் கொடுத்தார். ஒரு விதியைக் காப்பாற்ற இன்னொன்றை மீறினார். இதற்குள் நாங்கள் முன்னே போய்விட்டோம். அவர்கள் எங்களைப் பிடிக்க வேகமாக வந்தார்கள்.

புல்வெளிகளுக்கு நடுவே ஒரு குறுக்குச் சாலை. ஸ்டாப் பலகை. பாலு நிறுத்தினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய்விட்டு எண்ணினார், நாங்கள் சிரித்தோம். சந்திப்பைக் கடந்து சற்றுத் தூரம் போயிருப்போம். பின்னால் எழுந்த ஓசை, பெரிய இரும்புக் கதவு ஒன்றை அறைந்து சாத்தியது போலிருந்தது. அதைத் தொடர்ந்து, அந்த நாட்டில் நாங்கள் கேட்ட முதல் ஹாரன். அது நிற்கவே இல்லை.

ஓடினேன். இடப்பக்கமிருந்து வந்த ஒரு சிறிய காரின் ஓட்டுநர் கதவில் எங்கள் காரின் முகம் புதைந்திருந்தது. உள்ளே ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. ஹாரன் அவருடைய காரிலிருந்துதான் அலறிக்கொண்டிருந்தது. அவர் முகம் வெளுத்திருந்தது. இடுப்புக்குக் கீழே அசைக்க முடியவில்லை. என்னைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, "உங்கள் காரில் இருப்பவர்கள் நலமா?" என்பதுதான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான் திரும்பியபோது நால்வரும் இறங்கியிருந்தார்கள். பெல்ட் நால்வரையும் காப்பாற்றியிருந்தது. சபாபதி ஓட்டுநர் கதவின் அருகே நின்றிருந்தார். ஆம்புலன்ஸும் காவல்துறையும் வந்தன. கூந்தலை இறுகக் கட்டிய, மெதுவாகப் பேசும் ஒரு பெண் சார்ஜென்ட், ஓட்டியவர் யார் என்று கேட்டு முடிப்பதற்குள் சபாபதி முன்னால் வந்து, "ஐ வாஸ் டிரைவிங்" என்றார். சார்ஜென்ட் ஒரு கருவியை நீட்டி ஊதச் சொன்னார். "நான் குடிக்கிறவனாம்மா?" என்று என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார் சபாபதி. காப்பிக்கு மேல் எதையும் தொட்டறியாத மனிதர். எல்லாரையும் ஊதச் சொல்வார்கள், அதுதான் நடைமுறை என்று சொன்னேன். அவர் ஊதினார். தம்பி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை மருத்துவமனையில் சரோஜா என் அருகில் வந்து உட்கார்ந்தார். "இவருக்கு இடது தோள்லேர்ந்து குறுக்க கன்னிப்போயிருக்கு மேடம். தைலம் தடவ விடமாட்டேங்கறார். தொட்டாலே கத்தறார்."

"இடதா அக்கா?"

"ஆமா, இடது."

சரோஜா சொல்லும்போதே என் கண்முன் நான்கு நாற்காலிகள் வந்து நின்றன. ஓட்டுகிறவருக்கு வலத் தோள். அவர் பக்கத்தில் இருப்பவருக்கு இடத் தோள். சரோஜா என் முகத்தைப் பார்த்தார்; தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது.

அன்று இரவே தேவசகாயம் சாருக்குத் தொலைபேசியில் பேசினேன். "அந்த அம்மா எப்படி இருக்காங்க?" என்றுதான் முதலில் கேட்டார். இடுப்பெலும்பு முறிவு, உயிருக்கு ஆபத்தில்லை என்றேன். யார் ஓட்டினது என்றார். சபாபதி சார் என்றேன்.

"அப்புறம்?"

தோளைப் பற்றிச் சொன்னேன். மறுமுனையில் ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சல் கேட்டது. பிறகு சொன்னார்: "மைதிலி, வாக்குமூலத்துல அவர் சொல்றதை நீங்க மாத்தாதீங்க. அது உங்க வேலை இல்ல. ஆனா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, போட்டா என்ன ஆகும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். அது உங்க வேலை."

மறுநாள் காலை காவல் நிலையத்தில் எழுத்து வாக்குமூலம் தயாராக இருந்தது; மொழிபெயர்க்க என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். சார்ஜென்ட் என்னைத் தனியே அழைத்தார். அதிர்ச்சியில் சாலையோரம் சொன்ன சொல்லைத் தாம் பெரிதாகக் கொள்ளப் போவதில்லை என்றார். ஆனால் கையெழுத்திட்ட தாள் வேறு. கவனமின்றி ஓட்டிக் காயப்படுத்தியது ஒரு குற்றம். யார் ஓட்டியது என்று பொய்யாக எழுதிக் கொடுப்பது அதைவிடப் பெரிய குற்றம். அதற்குச் சிறை உண்டு. பெல்ட் தடயங்களைப் பற்றிய மருத்துவரின் குறிப்பு மதியம் வந்துவிடும். "அவர் அவசரப்படாமல் யோசிக்கட்டும்" என்றார். வாக்குமூலம் எழுதும் அறைக்கு வெளியே இருந்த வராந்தாவில் பதினைந்து நிமிடம் எங்களைத் தனியே விட்டார்.

நான் ஒரு சொல் விடாமல் நால்வரிடமும் சொன்னேன். சபாபதி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வைக்கட்டும்மா, எத்தனை வருஷம் வச்சாலும் வைக்கட்டும். எனக்கு என்ன இருக்கு? பொண்ணுக்குக் கல்யாணம் முடிஞ்சுது, பென்ஷன் வருது. அவன் பேப்பர் கடைசி ஸ்டேஜ்ல கெடக்கு. ஓட்டக்கூடாதவன் ஓட்டினான்னு தெரிஞ்சா அதோட போச்சு. சாவியைக் குடுத்தது நான். நான்தான் ஓட்டினேன்" என்றார்.

நம் ஊரில் இது அன்பின் பெயரால் நடப்பது. பிள்ளை இடித்தால் அப்பா 'நான்தான்' என்பார். முதலாளி இடித்தால் டிரைவர் 'நான்தான்' என்பார். நானே எத்தனையோ முறை இத்தகைய கதைகளை நெகிழ்ச்சியோடு கேட்டிருக்கிறேன். அந்த வராந்தாவில்தான் முதன்முதலாக அதன் மறுபக்கத்தைப் பார்த்தேன். குமரேசனிடம் திரும்பி, "சார், நீங்க ஒண்ணும் சொல்லலையே?" என்றேன்.

அவர் சுவரில் இருந்த ஒரு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணன் சொல்லிட்டாரே மேடம்" என்றார்.

என் வாழ்க்கையில் அவ்வளவு அதிர்ந்த கணம் வேறில்லை. குமரேசன் கெட்டவரல்ல. பசியோடு வந்த மாணவர்களுக்குத் தம் டிபன் டப்பாவைக் கொடுத்துவிடும் ஆசிரியர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சிறு வயதிலிருந்து அண்ணன் முன்னே போக, தாம் பின்னே போய்ப் பழகியவர். இந்த இடத்திலும் அப்படியே பின்னால் போய்விட்டார்.

சரோஜா கேட்டார்: "கையெழுத்துப் போட்டா இவரை இங்கயே வச்சிப்பாங்களா மேடம்?"

"பொய்னு தெரிஞ்சா வைக்கலாம் அக்கா."

"மத்தியானம் தெரிஞ்சிடும்?"

"தெரிஞ்சிடும்."



எங்களை உள்ளே அழைத்தார்கள். மேசை மேல் தாளும் பேனாவும் இருந்தன. சபாபதி பேனாவை எடுத்துவிட்டார். சரோஜா எழுந்து சுவரோரம் போனார். அங்கே கிடந்த நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து அறையின் நடுவில் வைத்தார். போய் இன்னொன்றைக் கொண்டு வந்து அதன் பக்கத்தில் வைத்தார். எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

"சரோ, என்ன பண்றே?"

"ஒண்ணும் இல்ல. கிளாஸ்ல செஞ்சதுதான்."

மேலும் இரண்டு நாற்காலிகளைப் பின்வரிசையில் போட்டார். சார்ஜென்ட் தடுக்கவில்லை. சரோஜா பின்வரிசையில் இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தார். புடவைத் தலைப்பை இடத் தோளிலிருந்து குறுக்காக இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வித்யா, வாம்மா. உன் எடத்துல உக்காரு."

வித்யா அசையவில்லை. அவள் கண்கள் கணவரிடம் போயின, திரும்பி வந்தன. "அக்கா, வேணாங்க்கா. எங்க லைஃப்பே போயிடும் அக்கா" என்றாள்.

"தெரியும். உக்காரு."

வித்யா வந்தாள். பின்வரிசையின் வலப்பக்க நாற்காலியில், ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். துப்பட்டாவை வலத் தோளிலிருந்து குறுக்காகப் பிடித்துக்கொண்டு, அதன் நுனியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சரோஜா கையை நீட்டித் தமக்கு முன்னால் இருந்த காலி நாற்காலியைக் காட்டினார். "இது இவர்." வலப்பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "இது கொழுந்தனார்." பிறகு என்னைப் பார்த்து, "சொல்லுங்க மேடம். நான் சொன்னதை மட்டும் அப்படியே சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். இரண்டே வாக்கியங்கள்.

குமரேசன் மேசையை விட்டு எழுந்து வந்தார். முன்வரிசையின் வலப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பழக்கத்தால் அவருடைய இரு கைகளும் ஸ்டியரிங்கைப் பிடிக்க உயர்ந்தன. பிடிக்க ஒன்றும் இல்லாமல் மடியில் விழுந்தன. "நான்தான் மேடம். ஸ்டாப் போர்டைப் பாத்தேன். நிக்கல" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன்.

சபாபதி மட்டும் உட்காரவில்லை. அவருக்கென்று போட்ட நாற்காலி கடைசிவரை காலியாகவே இருந்தது. சார்ஜென்ட் அவர் கையிலிருந்து பேனாவை மெல்ல வாங்கிக்கொண்டு, பழைய தாளை எடுத்துவிட்டுப் புதிய தாளை வைத்தார். சரோஜாவிடம் நன்றி என்றார். சரோஜா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

சபாபதியை எச்சரித்து அனுப்பினார்கள். குமரேசனின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. சிறை இல்லை, ஆனால் குடியேறும் விண்ணப்பம் அத்துடன் முடிந்தது. மற்றவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டு வழக்கு முடியும்வரை நான் அவரோடும் வித்யாவோடும் தங்கினேன்.

அடிபட்ட பெண்மணியைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று குமரேசன் விரும்பினார். அதற்கு முன்பே அண்ணன் கேட்க முன்வந்தபோது, ஓட்டியவர் வரட்டும் என்று அந்த அம்மாள் சொல்லி அனுப்பியிருந்தார். மருத்துவமனைக் கட்டிலருகே குமரேசன் கைகூப்பி நின்றார். அந்த அம்மாள் கோபிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அந்தப் பலகையில் நின்றிருந்தால் உங்களுக்கு என்ன ஆகியிருக்கும்?

குமரேசன், "முன்னால் போன கார் கண்ணுக்கு மறைந்திருக்கும்" என்றார்.

"அவ்வளவுதானா?" என்றார் அந்த அம்மாள்.

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை. பொருத்திய எலும்போடு அசையாமல் படுத்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஊர் திரும்பியதும் சார் நடைமுறையை மாற்றினார். எங்கள் அலுவலகத்தில் 'முதல் கார்' என்ற சொல்லே அதன் பிறகு இல்லை. ஒரே குழுவின் கார்கள் சேர்ந்து கிளம்பக்கூடாது. ஒவ்வொன்றும் தன் வழிப்படத்தோடு தனியே போக வேண்டும். மாலையில் விடுதியில் சந்திக்கலாம். "ஒண்ணா போறதுக்குத்தானே சார் குரூப்பே?" என்று பலர் சண்டை போட்டார்கள். பாதிப் பேர் வேறு நிறுவனங்களுக்குப் போனார்கள். சார் கண்ணாடியைத் துடைத்தாரே தவிர மனம் மாறவில்லை. மொட்டைமாடி வகுப்பு இன்னும் வேண்டுமா என்று என்னைக் கேட்ட பெண்ணுக்கு என் விடை இதுதான்: போன் வழியைச் சொல்லும், வேகத்தைச் சொல்லும். நாம் நிற்கும்போது நம்மவர்கள் முன்னே போய் மறைவார்களே, அதைப் பொறுத்துக்கொள்ள அது பழக்காது. அதற்கு மாடியில் கோலம் வேண்டும், தட்டு வேண்டும், சிரிக்கிறவர்கள் முன்னால் பலமுறை நின்று பழக வேண்டும்.

ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டில் நடந்தது என்னால் ஆற்ற முடியாததாக இருந்தது. நித்யாவுக்கு உண்மை தெரிந்தது. அப்பாவை அணைத்துக்கொண்டு அழுதாள். அப்பா அம்மாவோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். "வளத்த பிள்ளையைக் காட்டிக் குடுத்துட்டா" என்று என்னிடமே சொன்னார். பிறகு பேசினார், சாப்பாடு, மருந்து, மின்கட்டணம் பற்றியெல்லாம் பேசினார். அந்தக் காலையைப் பற்றி மட்டும் பேசவே இல்லை. குமரேசன் அதற்குப் பிறகு வண்டி ஓட்டவில்லை. பேருந்தில் தாம்பரம் போய் மின்ரயில் பிடித்துக் கல்லூரிக்குப் போனார். வித்யா நெடுங்காலம் கீழே இறங்கி வரவில்லை.

சரோஜா ஒருமுறை என் வீட்டுக்கு வந்தபோது, நான் கேட்காமலே சொன்னார்: "நியாயம் அநியாயம் எல்லாம் நான் பாக்கல மேடம். கூட்டிட்டு வந்தவரைத் திரும்பக் கூட்டிட்டுப் போகணும்னு நெனச்சேன். வேற ஒண்ணும் நெனக்கல." காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைத் தாமே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

தேவசகாயம் சார் இப்போது இல்லை. சபாபதி காலமாகிவிட்டார். அவருடைய காரியங்களை முன்னின்று செய்த குமரேசனும் சில ஆண்டுகளில் போய்விட்டார். அன்று அந்தக் காரில் இருந்த நால்வரில், பின்னால் உட்கார்ந்திருந்த இருவர் இருக்கிறார்கள். கீழே சரோஜா, மாடியில் வித்யா. காலையில் காப்பி மேலிருந்து கீழே வருகிறது.